பேறுகாலச் செலவு: முன்னதாகவா, பின்னதாகவா?

 

கொடைக்கானல் என்றதும் ஏரியும் மூடுபனியும் உங்கள் நினைவுக்கு வரும். அதே மலையில், பெருமாள்மலையைத் தாண்டிச் சரிவில் பேத்துப்பாறை என்றொரு சிற்றூர் இருப்பதை உங்களில் பலர் அறிந்திருக்க மாட்டீர்கள். அங்கே காட்டு யானைகள் தோட்டங்களுக்குள் இறங்குவதும், இருட்டிய பின் மக்கள் வெளியே வர அஞ்சுவதும் செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் செய்திகள். அத்தகைய ஊரில் நள்ளிரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை வீட்டிலேயே பிறந்துவிடுகிறது. ஆனால் இரத்தப்போக்கு நிற்கவில்லை. மேலே கொடைக்கானலுக்கு ஏறுவதா, கீழே பழனிக்கு இறங்குவதா? வண்டிக்கு யாரை எழுப்புவது? கையில் எவ்வளவு பணம் இருக்கிறது?

பிள்ளை பெற்றபின் ஏற்படும் கடும் இரத்தப்போக்கு, உரிய சிகிச்சை இல்லையேல், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே ஒரு தாயின் உயிரைப் பறித்துவிடக்கூடும் என்கின்றனர் மருத்துவ அறிஞர்கள். மேலே கேட்ட கேள்விகளுக்கு விடை தேடும் நேரமும் அந்த இரண்டு மணிக்குள்தான் அடக்கம்.

1994ஆம் ஆண்டு சரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்னும் இரு பெண் ஆய்வாளர்கள் வளரும் நாடுகளில் தாய்மார்கள் ஏன் இறக்கிறார்கள் என்பதை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். நடந்து போக முடியாத தூரம் என்ற பொருளில் அதற்குத் தலைப்பிட்டிருந்தனர். நோயின் பெயரை மட்டும் கேட்டால் போதாது, தாமதம் எங்கே நேர்ந்தது என்று கேட்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. மருத்துவமனைக்குப் போவதென முடிவெடுப்பதில் ஒரு தாமதம். போய்ச் சேர்வதில் மற்றொன்று. சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில் மூன்றாவது. பேத்துப்பாறையைப் பற்றிப் பேசும்போது நமக்கு இரண்டாவது தாமதமே கண்ணில் படுகிறது. ஆனால் சகோதரிகளே, மலையும் யானையும் இல்லாத நம் ஊர்களில், மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவிலேயே குடியிருக்கும் வீடுகளில், முதல் தாமதம் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

மருமகளுக்கு முகமும் கைகளும் வீங்கித் தலைவலி தாங்கவில்லை. மாமி, "விடியட்டும் பார்க்கலாம்" என்கிறார். கணவர் வளைகுடாவில் வேலையில் இருக்கிறார். அவரிடம் தொலைபேசியில் கேட்காமல் கிளம்பத் தயக்கம். மருத்துவமனையில் ஆண் டாக்டர் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று உம்மாவுக்குக் கலக்கம். எவ்வளவு கேட்பார்களோ என்ற அச்சத்தில் அத்தா வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார். இதில் எவரும் கெட்டவர் அல்லர். அந்தப் பெண்ணின் மேல் அன்பில்லாதவரும் அல்லர். ஆயினும், வீக்கமும் தலைவலியும் கண்ட அந்தப் பெண்ணுக்கு விடிவதற்குள் வலிப்பு வந்துவிடலாம்.

பேற்றில் இறக்கும் பெண்ணுக்கு ஷஹீதின் நற்பேறு உண்டு என்று ஹதீஸில் வந்திருக்கிறது. மையித்து வீட்டில் அதைச் சொல்லித்தான் நாம் ஆறுதல் கொள்கிறோம். அது மறைந்தவளுக்கான நன்மாராயம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்குமாறு கற்றுத்தந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்து, வண்டிக்குச் சொல்லி வைக்காமல் இருந்துவிட்டு அதை நஸீபு என்று சொல்லலாமா? நிர்ப்பந்த நிலையில் ஆண் மருத்துவரிடம் சிகிச்சை பெறுவதை மார்க்கம் தடுக்கவில்லை. ஐயமிருப்பின், வலி எடுக்கும் முன்பே உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

இனிப் பணத்துக்கு வருவோம். தாய்மார்களைக் காப்பாற்றப் பெருஞ்செல்வம் வேண்டும் என்று எண்ணுகிறோம். நமக்கு அருகிலுள்ள இலங்கை இந்த எண்ணத்தைப் பொய்யாக்கிய நாடு. 1930களில் அங்கே 1,00,000 பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தனர். பின்னர் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 6 முதல் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வந்தது. மலேசியாவையும் இலங்கையையும் ஆராய்ந்து 2003இல் உலக வங்கி வெளியிட்ட நூல், தாய்மார் நலனுக்கு அவ்விரு நாடுகளும் செலவிட்டது நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு அரைப்பங்குக்கும் குறைவே என்று காட்டியது. வீடுதேடி வரும் பயிற்சி பெற்ற மருத்துவமாது, அவர் அனுப்பினால் காசு கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனை. இந்த இரண்டுக்கும் அந்தப் பணம் முதலில் போயிற்று.

நம் தமிழ்நாடும் பிற மாநிலங்களை விடப் பன்மடங்கு செலவழித்து முன்னேறவில்லை. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டு, மருந்துகள் மொத்தமாக வாங்கப்பட்டன. பின்னர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்கள் முறைவைத்து இரவும் பகலும் பிரசவம் பார்க்க ஏற்பாடு ஆயிற்று. ஒவ்வொரு தாயின் மரணத்தையும் விசாரித்து எந்தத் தாமதத்தால் நேர்ந்தது என்று பதிவு செய்வது 2004இல் கட்டாயமாக்கப்பட்டது. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2001-03இல் 1,00,000 பிறப்புகளுக்கு 134 ஆக இருந்த தாய் இறப்பு, 2018-20இல் 54 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் இந்தியா முழுவதுக்குமான கணக்கு 301இலிருந்து 97க்கு இறங்கிற்று.

பணம் கொடுத்தாலே போதும் என்பதும் சரியல்ல. மருத்துவமனையில் பிரசவிக்கும் பெண்களுக்கு ரொக்க உதவி தரும் ஜனனி சுரக்ஷா திட்டத்தை மத்திய அரசு 2005இல் தொடங்கியது. பெண்கள் திரளாக மருத்துவமனைக்கு வந்தனர். எனினும் ஒன்பது மாநிலங்களின் மாவட்டக் கணக்குகளை வைத்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவமனைப் பிரசவம் மிகுந்த மாவட்டங்களில் தாய் இறப்பு அதற்கேற்பக் குறைந்திருக்கவில்லை. வாசல் வரை வந்த தாய்க்கு உள்ளே இரத்தமும் மருந்தும் கைதேர்ந்த செவிலியும் இல்லையென்றால் வந்தும் பயனில்லை. மூன்றாவது தாமதம் என்பது இதுதான்.

உள்ளே இருக்க வேண்டியவை எல்லாம் விலையுயர்ந்தவையும் அல்ல. வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட் மலிவான மருந்து. 33 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்து, வலிப்பு வரும் வாய்ப்பை அது பாதிக்கு மேல் குறைப்பதாக 2002இல் உறுதி செய்தனர். 2023இல் நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் ஆய்வில், வெளியேறும் இரத்தத்தை அளக்கக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, அளவு மீறியவுடன் எல்லாச் சிகிச்சைகளையும் ஒருசேரத் தொடங்கினார்கள். கடும் இரத்தப்போக்கும் அதனால் வரும் கேடுகளும் 60 விழுக்காடு குறைந்தன.

இவை அரசின் கடமைகள். ஆனால் நம் நாட்டில் மருத்துவச் செலவின் பெரும்பகுதி நெடுங்காலம் குடும்பங்களின் தலையிலேயே விழுந்து வந்தது. 2013-14இல் மொத்தச் செலவில் 64 விழுக்காட்டை மக்கள் கைப்பணமாகக் கட்டினர். 2021-22இல் அது 39 விழுக்காடாயிற்று. இன்றும் இது சிறிய சுமையன்று. கட்டிலருகே நின்றுகொண்டு எண்ணிக் கொடுக்க வேண்டிய பணம், கடன் வாங்கி வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போட வைக்கிறது. அதே தொகை முன்னரே வரியாகவோ சேமிப்பாகவோ ஒதுக்கப்பட்டிருந்தால் அந்த ஒரு மணி நேரம் மிஞ்சும்.

இத்தனை ஒதுக்கீடும் உங்கள் பெயரால் நடந்திருக்க, அதைக் கேட்டுப் பெறாமல் விடுவது ஏன்? 2011 முதல் அரசு மருத்துவமனையில் பிரசவம், அறுவைச் சிகிச்சை உட்பட, இலவசம். மருந்து, பரிசோதனை, இரத்தம், உணவு, வீடு திரும்ப வண்டி யாவும் அதில் அடங்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2018 முதல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய். இதைப் பெற முதல் மூன்று மாதங்களுக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் வாங்க வேண்டும். "நாள் போகட்டும், கண் படும்" என்று நான்காம் மாதம் வரை மறைத்து வைக்கும் வழக்கத்தால் நம் பெண்கள் இழப்பது பணத்தை மட்டுமல்ல. முதல் இரத்தப் பரிசோதனையையும்தான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை. இரத்தம் குறைந்த உடம்பு சிறிய இரத்தப்போக்கையும் தாங்காது.

அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 45 விழுக்காடு அறுவைச் சிகிச்சை. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 64. தேவையான அறுவை உயிரைக் காக்கும், அதை மறுக்காதீர்கள். காரணத்தைக் கேட்கும் உரிமை மட்டும் உங்களுக்கு உண்டு.

ஏழாம் மாத அழைப்புக்கும் தொட்டில் சீருக்கும் நாற்பதாம் நாள் விருந்துக்கும் நம் வீடுகளில் மாதக்கணக்கில் பணம் சேர்க்கிறோம். அந்தப் பணத்தில் ஒரு பங்கை ஏழாம் மாதமே உறையிலிட்டுப் பெண்ணின் கையில் கொடுத்துவிடுங்கள். அவளுடைய இரத்த வகை, அதே வகையுள்ள இருவரின் பெயர், இரவில் வரும் வாகனக்காரரின் எண், 108 ஆகியவற்றை எழுதி அதனுடன் வையுங்கள். கணவர் கடல் கடந்து இருப்பவரானால், "என்னைக் கேட்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்" என்று இன்றே தொலைபேசியில் தம் உம்மாவிடம் சொல்லிவிடட்டும். பல ஊர்களில் நம் இளைஞர்கள் ஆம்புலன்சும் இரத்ததானமும் நடத்தி நற்பெயர் பெற்றிருக்கிறார்கள். உங்கள் ஜமாஅத் நிர்வாகிகள் பைத்துல்மாலிலிருந்து பேறுகால வண்டிச் செலவுக்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கலாம். மருத்துவமனை தொலைவில் உள்ள ஊர்களில், நாள் நெருங்கியதும் மருத்துவமனைக்கு அருகில் உள்ள உறவினர் வீட்டில் கர்ப்பிணியைத் தங்க வைப்பது நல்லது. மலைப்பகுதி சுகாதார நிலையங்கள் சிலவற்றில் இதற்கெனவே காத்திருப்பு அறைகள் உள்ளன.

பிரசவத்துக்குப் பிந்தைய நாற்பது நாள்களில் தாயின் உணவு குறித்தும், பத்தியம் என்ற பெயரில் நாம் அவளுக்கு மறுப்பவை குறித்தும் அடுத்த இதழில் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.