போக்கர் திறமை விளையாட்டுதான்... அதனாலதான் நம்ம காசு போகுது!



திருவேங்கடம், சங்கரன்கோவில் வட்டாரத் தம்பிகளுக்காகவே இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். முழுசா படிச்சிடுங்க.

"அண்ணே, ரம்மி வேற, போக்கர் வேற. இது மூளை விளையாட்டு. ஸ்ட்ராட்டஜி கத்துக்கிட்டா டோர்னமெண்ட்ல ஜெயிச்சிடலாம்." இப்படிச் சொல்ற தம்பிகளை முட்டாள்னு திட்டுறதில் அர்த்தம் இல்லை. போக்கரில் திறமைக்கு இடம் இருக்கு. எந்தச் சீட்டை வைத்து ஆடணும், எதைக் கீழே போடணும், எதிராளி சும்மா மிரட்டுறானா என்பதெல்லாம் பழகப் பழக வரும். 2023 நவம்பர் 9 தீர்ப்பில் சென்னை உயர் நீதிமன்றமும் ரம்மி, போக்கரைத் திறமை விளையாட்டு என்றுதான் சொன்னது. சரி, ஒத்துக்குவோம். இனி கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

🔴 முதல் கணக்கு: கமிஷன்

100 பேர் ஆடும் டோர்னமெண்ட், தலைக்கு 500 ரூபாய். வசூல் 50,000. ஆப் கம்பெனி 10 சதவீதம் எடுத்துக்கிட்டதுன்னு வைங்க, பரிசுக்கு மிச்சம் 45,000. அதுவும் முதல் 15 பேருக்குத்தான்னா, மீதி 85 பேர் வெறுங்கை. நீங்க சராசரி ஆட்டக்காரர்னா, நாள்பட ஆடும்போது 500 போட்டு 450தான் எடுப்பீங்க. போட்ட காசை எடுக்கவே மத்தவங்களைவிட 11 சதவீதம் கூடுதலா ஜெயிக்கணும். லாபம் அதுக்கு மேலதான். சட்டப்படி நடந்த காலத்தில் இதோட வரியும் சேர்ந்தது. 2023 அக்டோபர் 1 முதல் கட்டுற பணத்துக்கு 28 சதவீத ஜிஎஸ்டி. 500 ரூபாய் போட்டா அதில் 109 ரூபாய் வரி. ஜெயிச்ச நிகரத் தொகையில் 30 சதவீதம் வருமான வரி. கம்பெனிக்கும் கஜானாவுக்கும் எல்லா ஆட்டத்திலும் வெற்றிதான்!

🔴 இரண்டாவது கணக்கு: அதிர்ஷ்டம்

கையில் ரெண்டு ஏஸ், எதிராளி கையில் ரெண்டு ராஜா. உங்களுக்கு ஜெயிக்க 80 சதவீதத்துக்கு மேல வாய்ப்பு. ஆனா டோர்னமெண்ட்ல ஒரு தடவை மொத்தத்தையும் வெச்சுத் தோத்தா வெளியேதான். அப்படி 5 தடவை வைக்க வேண்டி வந்தா? 0.8ஐ 5 தடவை பெருக்கிப் பாருங்க. 0.33 வரும். ஒவ்வொரு தடவையும் சரியான முடிவு எடுத்த ஆளே மூணில் ரெண்டு பங்கு நேரம் வெளியே போவார். தோத்தா "விதி", ஜெயிச்சா "என் திறமை"ன்னு நினைக்க வைக்கிறதே இந்த இடம்தான்.

🔴 மூன்றாவது கணக்கு: எதிரில் யாரு?

திறமை விளையாட்டுன்னா என்ன அர்த்தம்? கத்துக்குட்டியோட காசு கைதேர்ந்தவன்கிட்ட போகும்னு அர்த்தம். எதிரில் இருப்பவர் ஒரே நேரத்தில் பல டேபிள் ஆடி, ஒவ்வொரு கையையும் சாஃப்ட்வேர்ல அலசுற ஆளா இருக்கலாம். தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிச்சு ராத்திரி 11 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் போனை எடுக்கிற தம்பி, அவருக்கு வருமானம். "திறமை"ன்னு நீங்க சொல்ற அதே வாதம்தான் உங்களுக்கு எதிரா வேலை செய்யுது.

நம்ம ஊர்ல சீட்டாட்டம் புதுசு இல்லை. ஆனா புளியமரத்தடியில் ஆடினா, "போதும்டா, எந்திரி"ன்னு அதட்ட ஒரு சித்தப்பா இருப்பார். போன்ல அந்தக் குரல் இல்லை. பணம் தீர்ந்தா கடன் ஆப் விளம்பரம்தான் வரும்.

இது எங்கோ நடக்கிற கதையும் இல்லை. 2022 நவம்பர் இறுதியில், சங்கரன்கோவில் அருகே நூற்பாலையில் வேலை பார்த்த ஒடிசா மாநில இளம்பெண், ஆன்லைன் ரம்மியில் சுமார் 70 ஆயிரம் ரூபாயை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டார். பிழைப்புத் தேடி நம்ம மண்ணுக்கு வந்த பிள்ளை. அந்த நேரத்தில் அவசரச் சட்டம் காலாவதி. சட்டமன்றம் அக்டோபர் 19ல் நிறைவேற்றிய மசோதா ஆளுநர் ஒப்புதலுக்காகக் காத்திருந்தது.

சட்டத்தின் பாதையைப் பாருங்க. 2021 ஆகஸ்ட் 3ல் முதல் தடைச் சட்டம் உயர் நீதிமன்றத்தில் ரத்து. 2022ல் நீதிபதி சந்துரு குழு. 2023 மார்ச்சில் மசோதா திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி நிறைவேறி, ஏப்ரலில் ஒப்புதல். நவம்பரில் ரம்மி, போக்கருக்கான தடை மட்டும் நீக்கம். 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்ற விதி. 2025 ஆகஸ்ட் 22ல், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்ற ஒன்றியச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல். பெரிய கம்பெனிகள் காசு ஆட்டத்தை நிறுத்தின.

அப்போ பிரச்சினை முடிஞ்சுதா? இல்லை சொந்தங்களே. வெளிநாட்டு ஆப்களின் லிங்க் டெலிகிராமில் சுத்துது. அங்கே பணம் மாட்டினா யார்கிட்ட போய்க் கேட்பீங்க?

👉 அரசுகளுக்கு நம்ம கோரிக்கை: ஆப்பை முடக்கினா மட்டும் போதாது. பணம் போற யுபிஐ வழியையும், வாடகைக்கு விடப்படும் வங்கிக் கணக்குகளையும் அடைக்கணும்.

👉 நம்ம தம்பிகளுக்கு: ரெஃபரல் லிங்க்கை எந்த குரூப்பிலும் போடாதீங்க. நம்ம கட்சி குரூப்பில் வந்தா உடனே அட்மினிடம் சொல்லுங்க. போக்கர் பிடிச்சிருந்தா காசு இல்லாம ஆடுங்க. மூளைக்கு அதே வேலைதான்.

👉 குடும்பத்துக்கு: காசை விட்ட பிள்ளையை ஊர் முன்னாடி அவமானப்படுத்தாதீங்க. முதலில் பக்கத்தில் உட்காருங்க. பண மோசடின்னா 1930. மனசு உடைஞ்சு போயிருந்தா 104 அல்லது 14416.

சிந்தித்த காசு போனா சம்பாதிச்சுக்கலாம். ஆளு போனா எந்த டோர்னமெண்ட்லயும் திரும்பி வராது.

பகிருங்கள், ஒரு தம்பியாவது படிக்கட்டும்!

#ஆன்லைன்_சூது_வேண்டாம் #திருவேங்கடம் #சங்கரன்கோவில்