வர்ணனையாளருக்கு வாய்ப்பூட்டா?

"ஆட்டத்தைச் சொல், அரசியலைப் பேசாதே!" என்று ஓர் உபதேசம் நம்மிடையே உலவி வருகிறது. ரேடியோவிலோ டெலிவிஷனிலோ விளையாட்டை வர்ணிக்கிறவர் நாட்டு நடப்பைப் பற்றித் துணிந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். கண்ணியவான்கள் காதைப் பொத்திக் கொள்கிறார்கள். எனக்கு இந்த உபதேசத்தில் எள்ளளவும் மதிப்பில்லை.

அதே வர்ணனையாளர், பரிசு வழங்க வந்த மந்திரியின் பெருமையை ஐந்து நிமிஷம் பாடட்டும். அதை யாராவது அரசியல் என்கிறார்களா? துதி பாடினால் மரியாதை. குறை சொன்னால் அரசியல்! நல்ல இலக்கணம்தான்.

ராயபுரத்துக்காரர்களிடம் போய் இந்த உபதேசத்தைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகம் கொட்டும் மழையில் தன் முதல் பொதுக்கூட்டத்தை நடத்தியது அங்கே ராபின்சன் பூங்காவில்தான். குத்துச் சண்டைப் பரம்பரைகள் வளர்ந்ததும் அந்த வட்டாரத்தில்தான். மேடைப் பேச்சைக் கேட்ட துறைமுகத் தொழிலாளியேதான் சண்டையையும் பார்த்தான். நெருக்கடி நிலையும், 1976 ஜனவரியில் நடந்த ஆட்சிக் கலைப்பும் குத்துச் சண்டைக்காரர்களின் வாழ்வுக்குள் நுழைந்ததைத்தான் 2021-இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' படமும் காட்டிற்று.

வட சென்னைக் குத்துச் சண்டைக்காரர்கள் கொண்டாடும் முகம்மது அலியையே எடுத்துக் கொள்வோம். 1980-இல் அவர் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் பந்தயம் ஆடிப் போனார். 1964-இல் அவர் தம் பழைய பெயரை உதறிப் புதுப் பெயர் சூடியபோது, அமெரிக்காவின் பத்திரிகைக்காரர்களும் அறிவிப்பாளர்களும் பலர் பிடிவாதமாக 'கிளே' என்றே அழைத்து வந்தார்கள். ஹோவர்ட் கோசல் என்ற வர்ணனையாளர் 'அலி' என்றார். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக 1967-இல் அலியின் பட்டத்தைப் பறித்தபோது, அது அநியாயம் என்று பகிரங்கமாகச் சொன்னார். வசவுக் கடிதங்கள் வந்து குவிந்தன. 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அலியின் மீதான தண்டனையை ரத்து செய்தது.

இங்கே நான் கேட்பது ஒன்றுதான். அரசியலே பேசாத வர்ணனையாளர் அந்த மனிதரை என்ன பெயரிட்டு அழைத்திருப்பார்? 'கிளே' என்றாலும் கட்சி. 'அலி' என்றாலும் கட்சி. ஆட்டக்காரனின் பெயரைச் சொல்லாமல் வர்ணனை ஏது?

நம் ஊருக்கு வருவோம். 2018 ஏப்ரல் 10 அன்று, காவிரிப் போராட்டத்தின் நடுவே, சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். பந்தயம் நடந்தது. மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது. சென்னையில் நடக்கவிருந்த மற்றப் பந்தயங்கள் புனேவுக்குப் போயின. செருப்பு ஏன் வந்தது என்று சொல்லாமல் ரன் கணக்கை மட்டும் சொல்கிறவர் நடுநிலைமையாளரா? பாதி ஆட்டத்தை மறைத்தவர் என்பேன்.

மறைப்பதற்கும் காரணம் உண்டு, பயம். ஆட்டத்தை நடத்துகிறவர்களின் தயவில் வர்ணனையாளரின் பிழைப்பு நடக்கிறது. 2016-இல் ஹர்ஷா போக்ளே ஐ.பி.எல். வர்ணனையிலிருந்து நீக்கப்பட்டார். காரணம் தமக்கே சொல்லப்படவில்லை என்றார் அவர். காரணம் சொல்லாத தண்டனைக்கு ஒரு வசதி உண்டு: மற்றவர்கள் எல்லாக் காரணத்துக்கும் சேர்த்துப் பயந்து கொள்வார்கள்.

அதற்காக, பந்து காற்றில் பறக்கும்போது பிரசங்கம் செய்யச் சொல்கிறேனா? இல்லை. விழுந்த குத்தை விழுந்ததென்றே சொல்ல வேண்டும். வாங்கியவன் தன் கட்சிக்காரன் என்பதற்காக மறைக்கக் கூடாது. கேட்பவனுக்கு முதல் கடன் ஆட்டம்தான். அபிப்பிராயத்தை அபிப்பிராயம் என்று தெரியும்படி, தன் பெயரில், அதற்கான விலையைத் தானே கொடுக்கத் தயாராகச் சொல்ல வேண்டும். இந்த நாணயம் உள்ளவனுக்கு வாய்ப்பூட்டுப் போட யாருக்கும் உரிமை இல்லை.

எண்ணூரில் ஒரு கால்பந்துப் பந்தயம் நடக்கிறது, கோப்பை ஓர் ஆலையின் உபயம் என்று வைத்துக் கொள்ளுங்கள். மைக்கைப் பிடித்தவர் ஆலைக்கு ஆயிரம் நன்றி சொல்லலாம். யாரும் தடுக்கப் போவதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகமெங்கும் எண்ணெய் படர்ந்து வலையும் படகும் பாழானதே, ஆடுகிற பையன்களில் எத்தனை பேர் அந்தப் படகுக்காரர்களின் பிள்ளைகள் என்று அவர் கேட்டுவிட்டால் மட்டும், "ஆட்டத்தைச் சொல்லப்பா!" என்று குரல் எழும்.

அதுவும் ஆட்டத்தின் கதைதான், ஐயா! அந்தப் பையன்கள் வேறு எங்கிருந்து வந்தார்கள்?