ஹாலிஃபாக்ஸ்: இறந்தவர்களின் சேமிப்பு யாருக்குச் சொந்தம்?

இங்கிலாந்தின் வீட்டுக்கடன் சங்கங்கள் மதுவிடுதிகளில் பிறந்தவை. பர்மிங்காமின் கோல்டன் கிராஸ் விடுதியில் ரிச்சர்டு கெட்லி 1775-ல் தொடங்கியதே முதல் சங்கம் என்பார்கள். ஏறக்குறைய நம்மூர்க் குலுக்கல் சீட்டுதான். மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். முறை வந்தவருக்கு வீடு. எல்லோருக்கும் வீடு அமைந்ததும் சங்கம் கலைந்துவிடும்.

கலையாத, 'நிரந்தர'ச் சங்கங்கள் பின்னால் வந்தன. யார்க்‌ஷரின் ஹாலிஃபாக்ஸ் நகரில், ஓல்டு காக் விடுதியின் மாடியறையில் கூடிப் பேசி 1853-ல் தொடங்கப்பட்ட சங்கம் அவற்றில் ஒன்று. 1913-க்குள் அதுவே நாட்டின் மிகப் பெரிய சங்கமாகிவிட்டது.

சிக்கலும் அந்த நிரந்தரத்தில்தான் இருந்தது. கடனை அடைத்தவர் விலகிப்போவார், சேமித்தவர் இறந்துபோவார். ஆண்டுதோறும் மிஞ்சிய லாபம் மட்டும் சேமநிதியாகக் குவிந்துகொண்டே இருக்கும். அது யாருடையது? தாட்சர் அரசின் 1986 சட்டம் ஒரு பதில் வைத்திருந்தது: இன்றைய உறுப்பினர்கள் வாக்களித்தால் சங்கத்தை நிறுவனமாக மாற்றிப் பங்குகளை எடுத்துக்கொள்ளலாம். 1989-ல் அபே நேஷனல் சங்கம் வழிகாட்டியது. 1997 ஜூனில் ஹாலிஃபாக்ஸின் 75 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் பங்குதாரர்கள் ஆனார்கள். இலவசப் பங்குக்காகவே ஊர் ஊராய்ச் சங்கக் கணக்கு தொடங்கியவர்களும் அந்நாளில் உண்டு. அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று வைது பயனில்லை. கதவைத் திறந்துவைத்தது சட்டம்.

2001-ல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்துடன் ஹாலிஃபாக்ஸ் இணைந்து ஹெச்பிஓஎஸ் வங்கி உருவானது. 2008 நெருக்கடியில் அது தள்ளாடியபோது, போட்டி விதிகளை அரசே ஒதுக்கிவைத்து லாயிட்ஸ் வங்கியின் கையில் ஒப்படைத்தது. 2009 ஜனவரியில் இணைப்பு முடிந்தது. அதன் விளைவாக லாயிட்ஸில் 43 சதவீதப் பங்கு மக்களின் வரிப்பணத்தின் மேல் ஏறியது.

மூழ்கடித்தது ஹாலிஃபாக்ஸின் வீட்டுக்கடன் அல்லவே என்று கேட்கலாம். உண்மைதான். பெருநிறுவனங்களுக்கும் ரியல் எஸ்டேட்டுக்கும் அள்ளிக் கொடுத்த கடன்களே பெரும் நஷ்டம் என்று 2013-ல் நாடாளுமன்ற ஆணையம் சொன்னது. ஆனால், வைப்புத்தொகையை மிஞ்சிக் கடன் கொடுத்துவிட்டு, பள்ளத்தைச் சந்தையில் குறுகிய காலக் கடன் வாங்கி நிரப்பியதும் அந்த வங்கிதானே? நிதியில் பாதியாவது உறுப்பினர்களின் சேமிப்பாக இருக்க வேண்டும் என்ற வேலி சங்கங்களுக்கு உண்டு. ஹாலிஃபாக்ஸ் அந்த வேலியைத் தாண்டி வந்திருந்தது. இன்று அது லாயிட்ஸ் குழுமத்தில் ஒரு பெயர்ப்பலகை.

ஹாலிஃபாக்ஸைப் போல நிறுவனமாக மாறிய சங்கங்களில் ஒன்றுகூட இன்று தனி வங்கியாக இல்லை. 1998-ல் மாற்றத்தை மயிரிழையில் நிராகரித்த நேஷன்வைடு சங்கமாகவே நிலைத்திருக்கிறது. அப்படி மாறி வீழ்ந்த நார்தர்ன் ராக்கின் மிச்சத்தை விழுங்கியிருந்த விர்ஜின் மணி வங்கியை 2024-ல் ஏறத்தாழ 290 கோடி பவுண்டுக்கு வாங்கியதும் அதுதான். அதற்கு உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தவில்லை. சட்டம் கேட்கவில்லையாம்.