ஒரு புதுக் கதை, அப்பா!

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நமது நண்பர் ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கொடுத்த காப்பியைக்கூட ருசித்துச் சாப்பிடவில்லை. விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. முதல் நாள் இரவு அவருடைய ஆறு வயதுப் பையன் கதை கேட்டானாம். காக்கையும் நரியும் கதையை ஆரம்பித்தார். "தெரியும்" என்றான் பையன். முயலும் சிங்கமும்? "அதுவும் தெரியும்." தெனாலிராமன்? "புஸ்தகத்திலேயே இருக்கிறது. புதுசாக ஒன்று, நீயே சொல்லு, அப்பா" என்று சொல்லிவிட்டுப் பையன் காத்திருந்தான். ஐந்து நிமிஷம் காத்திருந்து பார்த்துவிட்டுத் தூங்கிப் போனான்.

"ஆபீஸில் நாற்பது பக்கம் அறிக்கை எழுதுகிறவன் நான், ஸார்! ஒரு கதை வரவில்லை!" என்றார் நண்பர். அவருடைய அறிக்கைகளில் கற்பனைக்குப் பஞ்சமே இல்லை என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் அதைச் சொல்லும் சமயம் அது அன்று. கைப்பேசியைக் கொடுத்தால் அதில் ஆயிரம் கதை வருமே என்றோம். "கொடுத்துப் பார்த்தேன். அது வேண்டாமாம். நான்தான் சொல்ல வேண்டுமாம்" என்றார்.

நண்பரைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை கிடையாது. உபாத்தியாயர் தொழிலில் இருபது வருஷம் ஊறியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைச் சொன்னாலும் அதன் வாலில் ஒரு நீதியைக் கட்டாமல் விடமாட்டோம். நமது பெண்ணுக்கு நாலு வயதானபோது நாம் முதன் முதலாகச் சுயமாக ஒரு கதை கட்டினோம். ஓர் அணில், அது பல் தேய்க்காமலே தினமும் கொய்யாப்பழம் தின்றது, ஆகையால் அதற்குப் பல்வலி வந்தது. குழந்தை முடிவு வரையில் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "நான்தான் இன்றைக்குப் பல் தேய்த்தேனே, அப்பா!" என்றாள். அந்த அணிலை நாம் மறுபடியும் வீட்டுக்குள் அழைக்கவில்லை.

கதை எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஸ்வீடன் தேசத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லலாம். 1941-ஆம் வருஷம், ஸ்டாக்ஹோம் நகரில், காரின் என்ற ஏழு வயதுச் சிறுமி நிமோனியாக் காய்ச்சலில் படுத்திருந்தாள். "பிப்பி லோங்ஸ்ட்ரும்ப் கதை சொல்லு" என்று தாயாரிடம் கேட்டாள். அப்படி ஒருத்தி உலகத்திலேயே இல்லை. அந்த க்ஷணத்தில் குழந்தை கட்டிய பெயர் அது. நாமாயிருந்தால், "யார் அது? சும்மா தூங்கு" என்று சொல்லியிருப்போம். தாயார் அஸ்ட்ரிட் லிண்ட்கிரென் அந்தக் கேள்வியையே கேட்கவில்லை. பெயர் விசித்திரமாக இருந்ததனால் பெண்ணும் விசித்திரமானவளாகத்தான் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, சொல்ல ஆரம்பித்துவிட்டார். அப்போது அவர் புஸ்தகம் ஒன்றும் எழுதி வெளியிட்டவர் அல்லர். மூன்று வருஷம் கழித்துப் பனியில் வழுக்கி விழுந்து கால் சுளுக்கிப் படுத்திருந்த சமயத்தில்தான் அந்தக் கதைகளை எழுதி வைத்தார். 1945-ல் அது புஸ்தகமாக வந்து உலகமெல்லாம் சுற்றியது.

"அவர்கள் எல்லாரும் பெரியவர்கள்" என்று வாசகர்கள் சொல்லக்கூடும். நமது தேசத்துப் பெரியவர் ஒருவரையே பார்ப்போம். ரவீந்திரநாத தாகூர் எழுபது வயது கடந்த பிறகு, தம் பேத்தி நந்தினிக்குச் சொல்லிவந்த கதைகளை 1937-ல் 'ஷே' என்ற புஸ்தகமாக வெளியிட்டார். வங்காளியில் அதற்கு 'அவன்' என்று அர்த்தம். கதாநாயகனுக்குப் பெயர் கூடக் கிடையாது! பேத்தி நடுவில் குறுக்கிடுகிறாள், கேள்வி கேட்கிறாள். கதை அதற்குத் தக்கபடி திரும்புகிறது. பாதிக் கதையைக் கட்டுவது கேட்கிற குழந்தைதான் என்பது இந்த மகாகவிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இது நம் கிராமத்துப் பாட்டிமார்களுக்கும் தெரிந்ததே. கேட்கிறவர்கள் 'ஊம்' கொட்டாவிட்டால் அவர்கள் கதையை நிறுத்திவிடுவார்கள். 'ஊம்' வேகமாக வந்தால் கதை சரியான தடத்தில் போகிறது. 'ஊம்' இழுத்தால் ஒன்று கதையில் ராக்ஷஸன் வர வேண்டும், அல்லது குழந்தைக்குத் தூக்கம் வந்திருக்க வேண்டும். இதைவிட நம்பகமான கருவியை எந்தப் பயிற்சிக் கலாசாலையிலும் நமக்குக் காட்டவில்லை.

சொன்ன கதையை மறந்துவிடுவது மட்டும் பெரும் ஆபத்து. குழந்தைகள் மறப்பதில்லை. ஆங்கில ஆசிரியர் ருட்யார்ட் கிப்ளிங்கின் ஏகாதிபத்திய அபிப்பிராயங்கள் நமக்குச் சற்றும் உவப்பானவை அல்ல. ஆனாலும் அவர் தம் மூத்த பெண் ஜோஸபினுக்கு இரவில் கதை சொன்ன விதத்தை நினைத்தால் மனம் இளகாமற் போகாது. ஒரு வார்த்தை மாறக் கூடாதாம். மாறினால் குழந்தை விழித்துக்கொண்டு விட்டுப்போன வாக்கியத்தைத் தானே எடுத்து வைப்பாளாம். 'இப்படித்தான்' சொல்ல வேண்டும் என்ற அந்தப் பிடிவாதமே புஸ்தகத்துக்கும் பெயராயிற்று. 1899-ல் நியூயார்க் நகரில் தகப்பனாரும் குழந்தையும் ஒரே சமயத்தில் காய்ச்சலில் விழுந்தார்கள். தகப்பனார் பிழைத்தார், ஆறு வயதுக் குழந்தை பிழைக்கவில்லை. புஸ்தகம் 1902-ல் வெளிவந்தது.

இழப்பும் கதையும் இப்படிச் சேர்ந்து வருவதை இன்னோர் இடத்திலும் காண்கிறோம். டோல்கீன் என்பவர் ஆங்கிலம் போதித்த பேராசிரியர்; அதாவது நம் ஜாதி, வாத்தியார். 1925-ல் குடும்பத்துடன் பைலி என்ற கடற்கரை ஊருக்குப் போயிருந்தார். அவருடைய சின்னப் பையன் மைக்கேல் ஈயத்தால் செய்த ஒரு நாய்ப் பொம்மையை எப்போதும் கையில் வைத்திருப்பான். கூழாங்கல் நிறைந்த கடற்கரையில் அது தொலைந்து போயிற்று. எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. கடையில் வேறு நாய் கிடைக்காமலா போகும்? தகப்பனார் அதைச் செய்யாமல், அந்த நாய் எங்கே போயிற்று என்று சொல்ல ஆரம்பித்தார். உண்மையில் அது உயிருள்ள நாயாம்; மந்திரவாதி ஒருவன் அதைப் பொம்மையாக்கிவிட்டானாம்; இப்போது அது சந்திரனுக்குப் போயிருக்கிறதாம். அந்தக் கதை அச்சேறியது 1998-ல்தான். சொன்னவர் காலமாகி இருபத்தைந்து வருஷங்கள் ஆகியிருந்தன.

இதைப் படித்தபோது நமக்கு நமது வீட்டு அலமாரியில் இருக்கும் பித்தளை வெற்றிலைச் செல்லம் ஞாபகம் வந்தது.

அது நமது தாயாருடையது. அவர் காலமான பதினாறாம் நாள், பந்துக்கள் எல்லாரும் ஊருக்குப் போன பிறகு, நமது பெண் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. அதுவரையில் ஒரு நாளும் அழவில்லை. "பாட்டி இதை எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டாளே, இது என்ன செய்யும்?" என்று கேட்டாள். மோக்ஷத்தைப் பற்றிச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. "ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு அது பாட்டியைத் தேடிக்கொண்டு போகும்" என்று சொல்லிவிட்டோம்.

அன்று இரவு செல்லம் சுண்ணாம்புக் கரண்டகத்தைக் காவலுக்கு வைத்துவிட்டுக் கோவில் குளக்கரை வரையில் போயிற்று. மறுநாள் இரவு ரெயிலடிக்கு. அப்புறம் பாட்டி பிறந்த ஊருக்கு. போகிற இடத்தில் எல்லாம் பாட்டியைப் பற்றி யாராவது ஒரு சமாசாரம் சொல்வார்கள்; விடிவதற்குள் செல்லம் திரும்பி வந்துவிடும். காலையில் குழந்தை ஓடிப்போய் அலமாரியைப் பார்ப்பாள். சில நாட்களில் செல்லம் வைத்த இடத்திலிருந்து ஒரு சாண் நகர்ந்திருக்கும். அதை நாம் நகர்த்தவில்லை. தானும் நகர்த்தவில்லை என்றுதான் நமது மனைவி இன்றுவரை சொல்கிறாள். நாம் அதை நம்பவில்லை.

மூன்று வாரம் ஆயிற்று. நமக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது. ஒரு நல்ல முடிவாக முடித்துவிடலாம் என்று, "அன்றைக்குச் செல்லம் தூரத்தில் பாட்டியைப் பார்த்தது..." என்று ஆரம்பித்தோம். குழந்தை சட்டென்று எழுந்து நமது வாயைப் பொத்தினாள்.

"வேண்டாம், அப்பா! பார்த்துவிட்டால் அது அங்கேயே இருந்துவிடும். திரும்பி வராது."

அப்புறம்தான் அழுதாள். நெடுநேரம் அழுதாள். நாம் கதையைத் திருத்திக்கொண்டோம்: செல்லம் பார்த்தது வேறு யாரோ ஒரு பாட்டியை.

நண்பரிடம் இவ்வளவையும் சொன்னோம். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பையனுடைய பழைய மூன்று சக்கர சைக்கிள் ஒன்று மொட்டை மாடியில் கிடக்கிறது, அதில் மணி மட்டும் இல்லை என்றார்.

"மணி எங்கே போயிற்று?" என்று கேட்டோம்.

"அதுதான் தெரியவில்லை" என்று சொல்லிக்கொண்டே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.