திராட்சைத் தோட்டத்துக் கையேந்தி பவன்

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே சுமார் 90 கிலோமீட்டர் போனால் சாண்டா ரோசா. சொனோமா மாவட்டத்தின் தலைநகர். மாவட்டம் முழுவதும் திராட்சைக் கொடி; சுமார் 60,000 ஏக்கர். சனி, ஞாயிறுகளில் சிலிக்கான் பள்ளத்தாக்கின் கம்ப்யூட்டர்காரர்கள், அவர்களில் கணிசமான தமிழர்களும், கார் எடுத்துக்கொண்டு இங்கே வருகிறார்கள். பண்ணைக்குப் பண்ணை நின்று ஒயினைச் சுவைத்துப் பார்க்கிறார்கள். நாக்கை நனைக்க மட்டுமே பல இடங்களில் 40, 50 டாலர் கட்டணம். பக்கத்து மாவட்டமான நாப்பாவில் இன்னும் அதிகம். அங்கே யவுன்ட்வில் என்ற சிற்றூரில் உள்ள 'பிரெஞ்ச் லாண்ட்ரி' உணவகத்தில் ஒருவர் ஒருவேளை சாப்பிட்டு எழுந்தால் 350 டாலருக்கு மேல் பழுத்துவிடும்.

அதே சாண்டா ரோசாவில், நெடுஞ்சாலைக்கு மேற்கே ரோஸ்லேண்ட் என்றொரு பகுதி. அதன் நடுவே ஓடும் செபாஸ்டபோல் சாலையில் பொழுது சாய்ந்ததும் விளக்குப் போட்ட வண்டிகள் வந்து நிற்கும். பக்கவாட்டில் ஒரு ஜன்னல், உள்ளே சூடேறிய இரும்புக்கல், வெளியே நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி. மூன்று, நான்கு டாலர் கொடுத்தால் ஒரு டாக்கோ. பெரும்பாலோர் நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறார்கள். சென்னைவாசிக்கு இதை விளக்கவே வேண்டாம். கையேந்தி பவன்!

உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு சோள ரொட்டி. அதன் பெயர் டோர்ட்டியா. நடுவில் பொடியாக நறுக்கிய இறைச்சி. மேலே பச்சை வெங்காயம், கொத்துமல்லி, எலுமிச்சைச் சாறு, மிளகாய்த் துவையல். ஓரமாக இரண்டு முள்ளங்கித் துண்டு. மடித்து வாயில் போட வேண்டியதுதான். சைவர்களுக்குப் பட்டை பட்டையாக வெந்த பீன்ஸ் விதை, பாலாடைக்கட்டி. சில இடங்களில் 'நோபால்' கிடைக்கும். நோபால் வேறு ஒன்றும் இல்லை, நம் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளிதான். முள்ளை நீக்கி, நறுக்கி, வதக்கிப் போடுகிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் சாயப்பூச்சி வளர்ப்பதற்காகச் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். அதற்கு 'நோபால்ரி' என்றே பெயர். மிளகாயும் தக்காளியும் மக்காச்சோளமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தியாவுக்கு வந்தவைதான். டாக்கோ தின்னும் இந்தியனுக்கு நாக்கு அதிகம் தடுமாறாததற்குக் காரணம் இருக்கிறது.

எளிய தின்பண்டம்தான். ஆனால் அதன் பின்னால் உள்ள அறிவு சாதாரணமானதல்ல. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறப்போட்டு, தோலைக் கழுவி நீக்கிய பிறகே அரைக்கிறார்கள். கொலம்பஸுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே மெக்சிகோவில் இதுதான் வழக்கம். சுண்ணாம்பு பட்டால்தான் மாவு ஒட்டும். சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நயாசின் என்ற வைட்டமினும் உடம்பில் சேரும். ஐரோப்பியர்கள் சோளத்தை எடுத்துப் போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சோளமே கதி என்று வாழ்ந்த இத்தாலிய ஏழைகளைப் பெலாக்ரா நோய் பிடித்தது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நம்மவர்களுக்கு இந்தச் சூட்சுமம் எளிதில் புரியும்.

டாக்கோவுக்கும் வந்தேறிகள் உண்டு. மெக்சிகோவில் மிகப் பிரபலமான 'அல் பாஸ்டோர்' டாக்கோ லெபனானிலிருந்து குடியேறியவர்களின் கொடை. 20ஆம் நூற்றாண்டில் அவர்கள் பியூப்லா நகரில் கம்பியில் செருகிச் சுட்ட இறைச்சியை விற்றார்கள். உள்ளூர்க்காரர்கள் ஆட்டுக்குப் பதில் பன்றியைச் செருகி, மிளகாய் அரைத்துப் பூசி, அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

ரோஸ்லேண்ட் வண்டிகளின் வாடிக்கையாளர் யார்? பகல் முடிந்து வரும் தச்சர், ஓட்டல் அறைகளைப் பெருக்கும் பெண், பள்ளிப் பிள்ளைகள். எல்லோருக்கும் மேலாகத் தோட்டத் தொழிலாளி. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை திராட்சை அறுவடை. பெரும்பாலும் நள்ளிரவில் தொடங்கும். இரவுக் குளிரில் பறித்தால்தான் பழத்தின் சர்க்கரையும் புளிப்பும் நிலையாக இருக்கும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வளைந்த கத்தியால் குலையை அறுத்துத் தொட்டியில் போட்டு, தொட்டியைத் தூக்கிக்கொண்டு டிராக்டரை நோக்கி ஓட வேண்டும். டன் கணக்கில் கூலி என்றால் ஓட்டம் இன்னும் வேகம். இந்த ஓட்டத்தில் முக்கால்வாசிக் கால்கள் மெக்சிகோக்காரர்களுடையவை. அதிலும் மிச்சோகான் மாநிலத்தவர் ஏராளம். 2010இல் யுனெஸ்கோ மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தபோது முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது இந்த மிச்சோகானின் சமையலைத்தான்.

இவர்கள் எப்படி வந்தார்கள்? அழைத்துத்தான் வந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இளைஞர்கள் ராணுவத்துக்குப் போனதும் வயலில் ஆளில்லை. 1942இல் மெக்சிகோவுடன் 'பிராசெரோ' ஒப்பந்தம். பிராசோ என்றால் ஸ்பானிய மொழியில் கை. கைகள் மட்டும் வந்தால் போதும் என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். 1964 வரை சுமார் 46 லட்சம் வேலை ஒப்பந்தங்கள் போடப்பட்டன. திட்டம் முடிந்தது, கைகளின் தேவை முடியவில்லை. அதன்பிறகு பலர் கடுதாசி இல்லாமலேயே வந்தார்கள். 1986இல் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் சுமார் 27 லட்சம் பேருக்குக் குடியிருப்பு உரிமை கொடுத்தது. பிந்தி வந்தவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை.

இன்னும் பின்னால் போனால் கதை தலைகீழாகிறது. சொனோமாவில் ஆரம்ப காலத்தில் திராட்சை நட்டவர்களில் மெக்சிகோ ஆட்சியில் வந்த பாதிரிமார்களும் உண்டு. 1823இல் அங்கே மிஷன் நிறுவப்பட்டபோது அது மெக்சிகோ மண். 1835இல் சொனோமா ஊரை அமைத்தவர் மெக்சிகோத் தளபதி மரியானோ வலேஹோ. அவர் திராட்சை பயிரிட்டார், ஒயினும் செய்தார். 1846 ஜூன் 14 அன்று அதே ஊரின் சதுக்கத்தில் அமெரிக்கக் குடியேறிகள் சிலர் கரடி வரைந்த கொடியை ஏற்றி, கலிஃபோர்னியா தனிக் குடியரசு என்று அறிவித்துவிட்டு, வலேஹோவைச் சிறைபிடித்துக்கொண்டு போனார்கள். அந்தக் கரடிதான் இன்று கலிஃபோர்னியாவின் மாநிலக் கொடியில் நிற்கிறது. 1848 உடன்படிக்கையில் மாநிலமே கைமாறியது. வலேஹோ தன் நிலத்தின் பெரும்பகுதியை வழக்குகளில் இழந்தார். இங்கே யார் வந்தேறி என்று கேட்டால் பதில் சொல்ல வரலாறு கொஞ்சம் தயங்கும்.

சமைப்பவர்களுக்குச் சட்டம் எளிதில் வழிவிடவில்லை. 1974இல் ராவுல் மார்டினஸ் என்பவர் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பழைய ஐஸ்கிரீம் வண்டியை மாற்றி டாக்கோ விற்றார். மதுக்கடை வாசலில் நிறுத்திய அந்த வண்டி பின்னாளில் 'கிங் டாக்கோ' என்ற உணவகத் தொடராக வளர்ந்தது. மற்றவர்களுக்கு அத்தனை அதிர்ஷ்டம் இல்லை. 2008இல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம், ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டி நின்றால் குற்றம் என்று விதி போட்டது. மக்கள் கொதித்தார்கள். அதே ஆண்டு விதி செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. நடைபாதையில் விற்பது கிரிமினல் குற்றமல்ல என்று மாநிலச் சட்டம் சொல்ல 2018 ஆனது. அவர்களுக்குச் சுகாதார உரிமம் எளிதாகக் கிடைக்க வழி செய்த சட்டம் 2022இல்தான் வந்தது.

தோட்டத்தில் குனிபவர்களுக்கும் இதே கதை. 1938இல் அமெரிக்கா கூடுதல் நேர வேலைக்குக் கூடுதல் கூலி என்று சட்டம் போட்டபோது விவசாயத் தொழிலாளியை ஒதுக்கி வைத்தது. எட்டு மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் அதிகக் கூலி என்று கலிஃபோர்னியா தன் வயல்களுக்குச் சட்டம் இயற்றியது 2016இல். படிப்படியாக நடைமுறைக்கு வந்து, சிறு பண்ணைகளையும் எட்டியபோது 2025 பிறந்துவிட்டது.

ரோஸ்லேண்டின் அந்தஸ்தும் இப்படித்தான். நாலாபுறமும் சாண்டா ரோசா நகரம் சூழ்ந்திருந்தும் பல ஆண்டுகள் அது நகராட்சிக்கு வெளியே, ஒரு தீவு போல இருந்தது. நகரத் தேர்தலில் அங்கிருந்தவர்களுக்கு ஓட்டு கிடையாது. 2017 நவம்பரில் ஒருவழியாக நகரத்தோடு சேர்த்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, அக்டோபர் 8ஆம் தேதி இரவு, வரலாறு காணாத காட்டுத்தீ சாண்டா ரோசாவுக்குள் புகுந்தது. 22 பேர் மாண்டார்கள். 5,600க்கும் அதிகமான கட்டடங்கள் சாம்பல். அறுவடை மாதம் அது. வேலையும் வீடும் போனவர்களில் கடுதாசி இல்லாதவர்களும் உண்டு. மத்திய அரசின் நிவாரணப் பணம் அவர்களுக்குக் கிடையாது. உள்ளூர் அமைப்புகள் சேர்ந்து 'அன்டாக்யுஃபண்ட்' என்ற நிதியைத் திரட்டி அவர்களுக்கு உதவின.

முன்னேறியவர்கள் இல்லையா? உண்டு. மிச்சோகானிலிருந்து 1968இல் பதினாறு வயதுப் பையனாக வந்து கொடி கவாத்து செய்த ரெனால்டோ ரோப்லேடோ, பின்னர் சொந்தத் தோட்டம் வாங்கினார். 2003இல் சொனோமாவில் தன் குடும்பப் பெயரிலேயே ஒயின் சுவைக்கும் கூடம் திறந்தார். நாப்பாவில் அமேலியா மொரான் சேஹா 1999இல் ஓர் ஒயின் நிறுவனத்தின் தலைவரானார். அப்படி ஆன முதல் மெக்சிகோ வம்சாவளிப் பெண் அவர். ஆனால் ஒன்றிரண்டு கொடி உயரே படர்ந்தால் தோட்டமே உயர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

டாக்கோ ஏன் மலிவாக இருக்கிறது என்பதும் ஒரு கேள்வி. இத்தாலியப் பாஸ்தாவுக்கு 30 டாலர் கொடுக்கும் வாடிக்கையாளர், சோளத்தை ஊறவைத்து அரைத்துச் சுட்ட டாக்கோ ஐந்து டாலர் என்றால் முகம் சுளிக்கிறார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உணவுத்துறைப் பேராசிரியராக இருக்கும் இந்தியர் கிருஷ்ணேந்து ராய் 2016இல் வெளியிட்ட நூலில் இதை ஆராய்ந்திருக்கிறார். ஒரு சமையலின் விலை அதன் ருசியையும் உழைப்பையும் பொறுத்தது அல்ல. சமைக்கும் சமூகம் எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது என்பது அவர் வாதத்தின் சாரம். இத்தாலியர்கள் கூலிகளாக வந்த காலத்தில் அவர்கள் சாப்பாடும் மட்டமாகவே கருதப்பட்டது. அவர்கள் உயர்ந்தார்கள், விலையும் உயர்ந்தது. அமெரிக்காவில் இந்தியச் சாப்பாடு பெரும்பாலும் மலிவு 'பஃபே' வரிசையிலேயே நின்றதும் நினைவுக்கு வரலாம். 2024 மே மாதம் மெக்சிகோ நகரில் பத்தடிக்குப் பத்தடி இருக்கும் ஒரு டாக்கோ கடைக்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. நாற்காலிகூட இல்லாத கடை. அன்றுமுதல் வாசலில் கூட்டம். அந்த மரியாதை எல்லையைத் தாண்டி வர இன்னும் நாளாகும்.

வருவதற்குள் வேறு ஒன்று வந்துவிட்டது. பயம். 2025 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் கெர்ன் மாவட்டத்தில் எல்லைக் காவல் படை சோதனை நடத்தியதும் வயல்களுக்கு ஆள் வரத்து குறைந்தது. ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் குடியேற்ற அதிகாரிகள் தெருத்தெருவாக ஆட்களைப் பிடித்தபோது டாக்கோ விற்பவர்கள் பலர் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குள் இருந்தார்கள். தோற்றம், பேசும் மொழி, நிற்கும் இடம், செய்யும் வேலை ஆகியவற்றை மட்டும் வைத்து யாரையும் நிறுத்தக் கூடாது என்று கீழ் நீதிமன்றம் தடை போட்டது. செப்டம்பர் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் கிடைப்பது, ஏறக்குறைய ஒரு டாக்கோ வண்டியின் வாசல்தான்.

வண்டி எங்கே நிற்கும் என்பது ஊருக்கே தெரியும். அதுதான் வியாபாரத்தின் பலம். இப்போது பலவீனமும் அதுவே. கடுதாசி வைத்திருப்பவர்களுக்கும் நிம்மதி இல்லை. ஒரே குடும்பத்தில் அப்பாவுக்கு இல்லை, பிள்ளைக்கு உண்டு என்பது இங்கே சகஜம். இதற்கிடையே ஒயின் வியாபாரமும் படுத்திருக்கிறது. குடிப்பவர்கள் குறைந்துவருவதால் 2024இல் கலிஃபோர்னியா ஆலைகளுக்குப் போன திராட்சை 20 ஆண்டுகளில் மிகக் குறைவு. கொடிகளைப் பிடுங்குகிறார்கள் முதலாளிகள். கொடி போனால் முதலில் போவது பறிப்பவனின் கூலி. கூலி போனால் அடுத்தது அவன் வழக்கமாகச் சாப்பிடும் வண்டி.

350 டாலர் மேசைக்கு ஒரு மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும். யார் வருவார்கள் என்பதை விலையே முடிவு செய்துவிடும். வண்டி வாசலில் அப்படி இல்லை. தோட்டத்துக்காரரும் அவரிடம் வேலை செய்பவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று, ஒரே துவையலைத் தொட்டுக்கொள்ளும் இடம் அந்தப் பள்ளத்தாக்கில் இது ஒன்றுதான் என்று சொன்னால் மிகையாகாது. அந்த வரிசையில் ஒருவர் வராமல் போனால், மற்றவர் குடிக்கும் ஒயினுக்குப் பழம் பறிக்க யார் இருப்பார்கள் என்ற கேள்விக்குச் சொனோமா இன்னும் பதில் தேடவில்லை. இப்போதைக்குச் செபாஸ்டபோல் சாலையில் கல் சூடாகத்தான் இருக்கிறது.