ஒரு கிலோ பருப்பு வாங்கிய குற்றவாளிகள்

கொரோனாக் காலத்துத் தட்டுப்பாட்டைப் பற்றி ஓய்வுபெற்ற நிர்வாக அதிகாரி ஒருவர் எழுதிய கட்டுரையை நண்பர்கள் இரண்டு மூன்று பேர் அனுப்பியிருந்தார்கள். சுருக்கினால் அவர் சொல்வது இவ்வளவுதான்: 2020 மார்ச்சில் கடைகள் வெறுமையானதற்குச் சனத்தின் பயமும் பேராசையுமே காரணம்; அரசாங்கம் நியாயமான விலை வைத்துக் கொடுத்தும் சனம் அடிபட்டு அள்ளிக்கொண்டு போய் எல்லாவற்றையும் கெடுத்தது; அதிலும் வன்னிச் சனத்துக்குப் போர்க்காலத்தில் தொற்றிய பதுக்கல் வியாதி இன்னும் மாறவில்லை. இதற்கெல்லாம் அவர் கூப்பிடும் சாட்சி, கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தன் சந்தியில் அப்போது நின்ற வரிசை.

அந்த வரிசையில் நானும் நின்றேன். கட்டுரை எழுதிய ஐயா நிற்கவில்லை என்பது அதைப் படித்தாலே தெரிகிறது.

முதலில் திகதிகளைப் பார்ப்போம், ஏனென்றால் அவர் பார்க்கவில்லை. 2020 மார்ச் 17ஆம் திகதி இரவு ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டு மக்களுக்கு உரையாற்றி, ஒரு கிலோ பருப்பு 65 ரூபாய், ரின்மீன் 100 ரூபாய் என்று உச்ச விலை அறிவித்தார். மூன்று நாள் கழித்து, 20ஆம் திகதி வெள்ளிக்கிழமை பின்னேரம் 6 மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு. பெரும்பாலான மாவட்டங்களுக்குத் திங்கட்கிழமை காலை திறந்தார்கள். வடக்கின் ஐந்து மாவட்டங்களுக்கு அது செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிப்போனது. யாழ்ப்பாணத்தில் ஒரு மதபோதகர் நடத்திய ஆராதனை வழியாகத் தொற்று பரவியிருக்கலாம் என்ற அச்சம் அப்போது வடக்கு முழுவதையும் பிடித்திருந்தது. திறந்தாலும் சில மணி நேரம்தான். மறுபடி எப்போது பூட்டுவார்கள், எத்தனை நாளைக்கு என்று விதானையாருக்கும் தெரியாது, பொலிஸுக்கும் தெரியாது.

பருப்பு காணாமல் போனது ஊரடங்குக்கு முன்னாலா பின்னாலா? முன்னாலேயே போய்விட்டது. 18ஆம் திகதியே எங்கள் ஒழுங்கைக் கடையில் பருப்பு இருந்த தட்டு காலி. சனம் அள்ளவில்லை. கடைக்காரர் மூட்டையை உள்ளறைக்கு இழுத்து, அதற்கு மேல் வெறும் சாக்கைப் போட்டு மூடிவிட்டார். கேட்டபோது மறைக்காமல் சொன்னார்: "அண்ணை, 65க்கு நான் எங்க வாங்கி விக்கிறது? வித்தா நட்டம், கூட்டி வித்தா வழக்கு. இல்லையெண்டு சொல்லுறதுதான் பாதுகாப்பு." தெரிந்தவர்களுக்குப் பழைய விலைக்கு, இருட்டின பிறகு, பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். தெரியாதவர்களுக்கு 'முடிஞ்சுது'. பருப்பு கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் விளைந்து டொலர் கொடுத்து வாங்கப்படுகிற சாமான். ரூபாய் சரிந்துகொண்டிருந்த அந்த வாரத்தில், கொழும்பு நான்காம் குறுக்குத் தெரு மொத்த வியாபாரியிடமே 65 ரூபாய்க்குக் கிடைக்காத ஒன்றை, வவுனியா தாண்டி லொறிக் கூலி கொடுத்து இறக்கி 65 ரூபாய்க்கு விற்கச் சொன்னால் எந்தக் கடைக்காரன் விற்பான்? ஐயாவுக்கு இது 'நியாயமான விலை'. சில வாரம் கழித்து அந்த உச்ச விலையை அரசாங்கமே நீக்கிக்கொண்டது. அது அவருடைய கட்டுரையில் இல்லை. எழுதினால் நியாயம் எங்கே போனது என்று கேள்வி வரும்.

அடுத்தது பேராசை. ஐயா கடைக் கணக்குப் பார்த்தவர் அல்ல, கோப்புப் பார்த்தவர். ஆகவே கடைக் கணக்கை நான் போடுகிறேன். ஒரு சின்னக் கடையை நம்பி 150 குடும்பம் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு வீட்டில் ஒரு தரம் 250 கிராம் பருப்பு வாங்குவார்கள், அதுவும் எல்லாரும் ஒரே நாளில் வருவதில்லை. 50 கிலோ மூட்டை ஒன்று மூன்று நாலு நாளைக்குத் தாக்குப்பிடிக்கும். இப்போது ஊரடங்கு. திறக்கிற சில மணி நேரத்துக்குள் 150 வீடும் வரவேண்டும். எப்போது பூட்டுவார்கள் என்று தெரியாததால் வீட்டுக்கு ஒரு கிலோ. 150 கிலோ, மூன்று மூட்டை, ஒரு காலையில். கடை துடைத்தெடுத்த மாதிரி ஆகிவிடும். ஆனால் அன்று மத்தியானம் எந்த வீட்டுக்குள் புகுந்து தேடினாலும் ஒரு கிலோவுக்கு மேல் பருப்பு அகப்படாது. ஐந்து பேர் உள்ள வீட்டில் அது ஒரு கிழமைக் கறி. கட்டுரையின் தலைப்பில் உள்ள பேராசையைத் தேடி இதற்குள் கையை விட்டால் விரலில் ஒட்டுவது பருப்புத் தூள்தான்.

இது வன்னிக் கணக்கு மட்டுமல்ல. அதே மார்ச்சில் பிரித்தானியாவில் பாஸ்தாவும் சவர்க்காரமும் மலசலகூடக் கடதாசியும் அலுமாரிகளிலிருந்து மறைந்தபோது அங்கேயும் பத்திரிகைகள் சனத்தைத்தான் திட்டின. பிறகு காண்டார் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் சனம் வாங்கியவற்றைப் பார்த்துச் சொன்னது: அளவுக்கு மீறிப் பாஸ்தா வாங்கியவர்கள், பாஸ்தா வாங்கியவர்களில் 3 சதவீதம்தான். மற்றவர்கள் வழமையைவிட ஒரு பக்கெற் கூட எடுத்தவர்கள், ஒரு தரம் கூடுதலாகக் கடைக்குப் போனவர்கள். பாடசாலையும் கந்தோரும் பூட்டி மூன்று வேளையும் வீட்டில் சமைக்கவேண்டி வந்தால் வேறென்ன செய்வார்கள்?

பரந்தனில் அந்த 3 சதவீதமும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. டபுள் கப் வாகனத்தில் வந்து மா மூட்டையும் சீனி மூட்டையும் ஏற்றிக்கொண்டு போனதை நான் கண்ணால் கண்டேன். அவர்கள் வரிசையில் நிற்கவில்லை. கடையின் பின்கதவால் வந்து பின்கதவால் போனார்கள். ஐயா சாட்சிக்கு அழைப்பது முன்கதவில் நின்றவர்களை.

முன்கதவில் நின்ற எல்லாராலும் வாங்கவும் முடியவில்லை. எனக்கு முன்னால் ஒரு அம்மா நின்றார், கையில் உமல்பை, அதற்குள் கடன் கொப்பி. இந்தப் பக்கத்தில் கூலி வேலை செய்கிற வீடுகளின் சமையல் அந்தக் கொப்பியில்தான் நடக்கிறது. கிழமைக்கு வாங்கி, கூலி வந்ததும் கட்டி, திரும்ப எழுதுவார்கள். அன்றைக்குக் கடைக்காரர் கொப்பியைத் தொடவில்லை. காசு மட்டும். லொறிக்காரன் தன்னிடம் காசு கேட்கிறான் என்றார், அதுவும் உண்மைதான். அம்மா 200 ரூபாய்க்கு மாவும் கொஞ்சம் சீனியும் வாங்கிக்கொண்டு, கொப்பியைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். கணவன் இல்லாமல் குடும்பத்தைக் கொண்டு நடத்துகிற பெண்கள் நிறைந்த மாவட்டம் இது. ஊரடங்கு போட்ட அன்றே அவர்களுடைய கூலி நின்றது. அரசாங்கத்தின் 5,000 ரூபாய்க் கொடுப்பனவு வந்தது ஏப்ரலில். மாதச் சம்பளமும் குளிர்சாதனப் பெட்டியும் இருக்கிறவரால்தான் பதுக்க முடியும். அன்றன்று உழைத்துச் சாப்பிடுகிறவனுக்குப் பதுக்கவும் வசதி வேண்டும் என்பது ஓய்வூதியக்காரருக்குத் தோன்றாதது ஆச்சரியமில்லை.

இனி அந்த 'போர்க்கால வியாதி'. கட்டுரை முழுவதிலும் என்னைச் சுட்டது இந்த ஒரு சொல்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் இந்தப் பக்கத்துக்கு மண்ணெண்ணெயும் பற்றரியும் உரமும் சீமெந்தும் வராதபோது நாங்கள் ஜாம் போத்தலுக்குள் பஞ்சைத் திணித்து, நாலு சொட்டு எண்ணெயில் எரிகிற விளக்குச் செய்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டோம். சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தோம். 2002இல் ஏ9 பாதை திறந்து நாலு வருடம் மூச்சு விட்டோம். 2006 ஓகஸ்டில் முகமாலைச் சோதனைச்சாவடி பூட்டியதும் யாழ்ப்பாணம் ஒரு பக்கம் பட்டினிக்குப் போனது, ஓமந்தைக்கு இந்தப் பக்கம் நாங்கள் மறுபடி எண்ணி எண்ணிச் சாப்பிட்டோம். 2009 ஜனவரி 1ஆம் திகதி பரந்தன் இராணுவத்திடம் விழுந்தபோது ஊரில் சனம் இல்லை. நெல் மூட்டையை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஏ35 வழியே கிழக்கே போய்க்கொண்டிருந்தோம். ஏற்ற முடிந்தவர்களுக்கு அந்த மூட்டை எத்தனையோ நாள் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. அது முடிந்த பிறகு முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசை.

இப்படி வாழ்ந்த ஒரு வீட்டில் அடுப்படி மூலையில் ஒரு மூட்டை நெல்லும், பானையில் ஒடியலும், போத்தலில் வத்தலும் கருவாடும் இருந்தால் அதற்குப் பெயர் வியாதியா? பாதை எந்த நேரமும் பூட்டலாம் என்பது எங்கள் கற்பனை இல்லை. பல தரம் பூட்டிக் காட்டியிருக்கிறார்கள். 2020 மார்ச்சில் மறுபடியும் பூட்டினார்கள், காரணம்தான் வேறு. காலபோகம் வெட்டி முடிந்த மாதம் அது. முரசுமோட்டையிலும் உருத்திரபுரத்திலும் வயல் வைத்திருந்து, வீட்டுக்கென்று ஒதுக்கிய நெல்லை உரப்பையில் கட்டி வைத்திருந்தவன் அரிசிக்கு வரிசையில் வரவேயில்லை. வரிசை சின்னதாக இருந்தது அவனால்தான். ஐயா 'வியாதி' என்று சொல்கிற பழக்கம் அன்றைக்கு இந்த ஊரில் கூட்டத்தைக் குறைத்தது, கூட்டவில்லை.

அரிசிக்கு வந்து நின்ற கமக்காரர்களும் உண்டு. ஏன்? வெட்டுக்கூலி, உரக்கடன், வட்டி எல்லாவற்றுக்கும் களத்திலேயே நெல்லை விற்றவர்கள். அந்த நெல் லொறி ஏறித் தென்பகுதி ஆலைக்குப் போய், பக்கெற் அரிசியாகத் திரும்பி ஏ9 வீதியால் பரந்தனுக்கே வருகிறது. இரணைமடுத் தண்ணீரில் தானே விளைவித்ததை வாங்க, பாதை பூட்டின நாளில், அடுத்த லொறி வரும்வரை ஒருவன் காத்திருந்தான். தட்டுப்பாடு எங்கே உற்பத்தியாகிறது என்று தேடுகிற ஒரு முன்னாள் அதிகாரி தேடவேண்டிய இடம் அது. அவர் அந்தக் கமக்காரனுடைய மனதுக்குள் இறங்கிப் பேராசையைத் தேடுகிறார்.

பதுக்கல் என்றால் எப்படி இருக்கும் என்று அவருக்குக் காட்ட அதற்கடுத்த ஒன்றரை வருடமே போதும். 2020 ஒக்டோபர் 13ஆம் திகதி சீனிக்கான இறக்குமதி வரியைக் கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதத்துக்குக் குறைத்தார்கள். கடையில் விலை அதற்கேற்ப இறங்கவில்லை. அரசுக்கு 1,590 கோடி ரூபாய் இழப்பு என்று பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவில் கணக்கு வந்தது. 2021 ஓகஸ்டில் சீனிக்கும் பால்மாவுக்கும் நாடு முழுக்க வரிசை. 30ஆம் திகதி அவசரகாலச் சட்டம் பிரகடனம், அத்தியாவசிய சேவைகளுக்கு ஒரு இராணுவ மேஜர் ஜெனரல் ஆணையாளர். கொழும்பைச் சுற்றியிருந்த களஞ்சியங்களைத் திறந்து பார்த்தால் ஆயிரக்கணக்கான தொன் சீனி. அதே செப்டெம்பரில் அரிசிக்கு உச்ச விலை போட்டு, மாதம் முடிவதற்குள் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்ததும் பொலன்னறுவை ஆலை முதலாளிகள் தாங்களே கூடி விலையை அறிவித்தார்கள், தொலைக்காட்சியில், சிரித்த முகத்தோடு. அவர்களுடைய மனநிலையை ஆராய்ந்து ஐயா ஒரு கட்டுரை எழுதியதாக நான் அறியேன். தாகத்துக்கு ஒரு செம்பு மொண்டவனைக் கிணறு வற்றியதற்காகப் பிடித்து அடிப்பது சுலபம். இரவில் பம்பு போட்டு இறைத்தவனுக்குப் பொலிஸில் ஆள் இருக்கும்.

கடைசியாக அவர் சொல்லும் மருந்து: அடுத்த தரம் பொலிஸை நிறுத்தி ஆளுக்கு அரைக் கிலோ என்று கட்டுப்படுத்தவேண்டுமாம். பங்கீட்டுக்கு நான் எதிரியில்லை. இரண்டாம் உலக யுத்தகாலத்தில், 1942இல் தொடங்கி 1970களின் கடைசிவரை இந்த நாடு கூப்பன் கொப்பியில் அரிசி வாங்கியிருக்கிறது. எங்கள் தாய் தகப்பன் சங்கக்கடையில் அதை நீட்டித்தான் எங்களை வளர்த்தார்கள். ஆனால் கூப்பன் சொன்னது ஒன்று, ஐயா சொல்வது வேறொன்று. உன் பங்கு அடுத்த கிழமையும் இங்கே இருக்கும், ஓடி வராதே என்று கூப்பன் சொன்னது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் களஞ்சியமும் லொறியும் சங்க மனேச்சரும் இருந்தார்கள். ஆகவே வரிசையில் அடிபாடு குறைவு. ஐயாவின் அரைக் கிலோவுக்குப் பின்னால் ஒரு பொல்லு மட்டும் இருக்கிறது. அடுத்த கிழமைக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லாமல் இன்றைக்கு அரைக் கிலோதான் என்றால், வீட்டில் உள்ள ஐந்து பேரும் ஐந்து தரம் வரிசைக்கு வருவார்கள். தொற்று நோய்க் காலத்தில் வரிசையை ஐந்து மடங்காக்கும் யோசனையை ஒரு நிர்வாகி சொல்கிறார்.

இந்த அதிகாரி தன் சேவைக் காலத்தில் வருடா வருடம் அனர்த்த முகாமைத்துவக் கூட்டங்களில் உட்கார்ந்திருப்பார். ஊரடங்கு போடுவதற்கு இரண்டு நாள் முன்னால் சொல்வது, திறக்கிற நாளை ஊர் ஊராகப் பிரித்து அறிவிப்பது, அறுவடை முடிந்ததும் உள்ளூர் நெல்லில் ஒரு பங்கை உள்ளூரிலேயே வாங்கிக் குற்றி வைப்பது: இவையெல்லாம் கந்தோர் வேலை, கடையில் நின்றவர்களின் வேலை இல்லை. பரந்தனில் உள்ள குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, மா, சீனி, பால்மா மூன்று மாதத்துக்குச் சங்கக்கடையில் இருப்பு வைக்க எவ்வளவு காசு, எவ்வளவு இடம், யார் பொறுப்பு என்று அவர் ஒரு கணக்குப் போட்டு எழுதட்டும். அந்தக் கட்டுரைக்கு நான் எதிர்வினை எழுதமாட்டேன். கூட்டல் கழித்தலில் பிழை இருந்தால் மட்டும் சொல்லுவேன்.