ஆராய்ச்சி மணியும் சர்வரும்

மனுநீதிச் சோழன் திருவாரூரில் தன் வாயிலின்கண் கட்டிய ஆராய்ச்சி மணியைப் பெரியபுராணம் பயின்றார் யாவரும் அறிவர். அசைத்தவர் இன்னார் என்று அம்மணி ஆராயவில்லை. கன்றிழந்த பசு அசைத்தபோதும் ஒலித்தது. எனினும் மணியின் பெருமை ஓசையில் இல்லை. ஓசை கேட்ட மன்னன் எழுந்து விடையிறுத்தமையிலேயே உளது. இக்காலத்து ஆராய்ச்சி மணி, சர்வர் எனப்படும் கணினியாம். கேட்டவர்க்கு மெய்யான விடை தருதலே அதற்கும் தலையாய கடன் என்பது எம் துணிபு.

அது தொழிற்படும் முறையைச் சிறிது காண்போம். கந்தர்வக்கோட்டையில் ஓர் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பம் நிரப்பிப் பொத்தானை அழுத்துகின்றனர் என்க. உடனே ஒரு கோரிக்கை சர்வரை நோக்கிச் செல்லும். ஒன்றைக் காட்டுக எனக் கேட்பது 'கெட்'. இதனை ஏற்றுக்கொள்க என ஒப்படைப்பது 'போஸ்ட்'. சர்வரிலுள்ள நிரல் அதனைப் படித்து, பிழை ஆராய்ந்து, பதிவு செய்து, விடை விடுக்கும். 1991-இல் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த முதல் எச்.டி.டி.பி. விதியில் 'கெட்' ஒன்றே இருந்தது. விடைக்குக் குறியெண் இல்லை. 1996-இல் வெளிவந்த 1.0 விதி குறியெண்களை வரையறுத்தது. 200 எனின் நிறைவேறிற்று. 400 எனின் கோரிக்கையிற் பிழை. 500 எனின் சர்வரிற் பிழை. 503 எனின் இப்பொழுது இயலாது. 202 எனின் பெற்றுக்கொண்டேன், பணி இனி நடைபெறும்.

இக்குறியெண்கள் வெறும் எண்களல்ல, வாக்குறுதிகளாம். உள்ளே பிழை நேர்ந்திருக்க, 200 என விடுக்கும் நிரல் பொய்ச்சான்று பகர்வதேயாகும். சுற்றுச் சிற்றூரிலிருந்து ஒரு நாட்கூலியை இழந்து பேருந்தேறி வந்த தாய், எல்லாம் முடிந்தது என எண்ணி வீடு திரும்புவாள். மகனுடைய உதவித்தொகைக்குரிய இறுதி நாளோ கடந்துவிடும்.

'திரள் மிகுந்தால் சர்வர் என் செய்யும்?' என வினவுவாருளர். 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்குப் பதினெட்டு வயது நிரம்பியோர்க்குக் கோவின் தடுப்பூசிப் பதிவு தொடங்கியபோது, பலர் பிழைச் செய்தியையே கண்டனர். ஆயினும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அன்றே பதிவு பெற்றனர். எல்லார் பணியையும் ஒரே கணத்தில் முடித்தல் அரிது. கோரிக்கையை வரிசையிலிட்டு, ஒப்புகை எண் ஒன்று வழங்கி, பின்னர் முறையே முடித்தல் அரிதன்று. 202 என்னும் குறியெண் அதற்கன்றோ உளது? அதுவும் இயலாதாயின், 503 என்று மெய்யுரைத்து, எப்பொழுது மீண்டும் வரலாம் என்று அறிவித்தல் வேண்டும்.

இன்னொன்று. விடை தாமதித்தால் மக்கள் அஞ்சி மறுபடியும் பொத்தானை அழுத்துவர். லூக்கா சுவிசேஷத்தின் 18-ஆம் அதிகாரத்து விதவை பன்முறை சென்று கேட்டமை அவள் குற்றமன்று. செவிகொடாத நீதிபதியின் குற்றமே. ஆதலின் ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் ஒரு தனி அடையாளம் அளித்து, அதுவே மீண்டும் வரின் முதல் விடையையே திரும்ப ஈதல் வேண்டும். அங்ஙனமாயின் ஒருவரிடம் கட்டணம் இருமுறை கொள்ளப்படாது.

நிற்க. நம் கல்லூரியினின்று நிரலெழுதும் தொழிலுக்குச் செல்வோர் பலராவர். அன்பர்காள்! விரைவையும் அழகையும் பின்னர்ச் சேர்மின். முதற்கண், வாயிலில் நிற்பவர் கேட்டதற்கு மெய்யான விடை கூறுமின்.